அரைப் பேர்: தேயிலைத் தோட்டத்தில் ஒரு பின்னக் கணக்கு

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய ஊவா மாகாணத் தோட்டங்களில் வழங்கும் ‘அரைப் பேர்’ என்னும் சொல் சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் வாசகர்க்குப் புரியாது போகலாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. காலையில் மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து பறித்து, தராசில் நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் புத்தகத்தில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப் பேர், சம்பளமும் பாதி. மனிதரின் பெயரையே இரண்டாக வகுத்த இந்தப் பின்னத்தின் பின்னணியைச் சற்றே நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆயினும் பின்னம் அறியாதவர்கள் அல்லர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்தவனுக்கு மட்டுமன்றி, களத்து மேட்டில் நெல் அளந்தவனுக்கும் அரை, கால், அரைக்கால், வீசம் என்பன நாவிற் புழங்கிய சொற்கள். ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட இவ்வெண்களைக் ‘கீழ்வாயிலக்கம்’ என்றனர் முன்னோர்.

இந்தப் பெயர்களிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. அதனினும் அழகானது ‘மாகாணி’. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. வீசம் எனப்படுவதும் இதுவே. ஒரு கூட்டற் கணக்கே சொல்லாகி நிற்கிறது!

பின்னங்களைக் கூட்டும்போது பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள். ஐந்தில் இரண்டோ அரையினும் சிறியது. கூட்டியபின் குறைவது எங்ஙனம்? துண்டுகள் ஒரே அளவினவாக இருந்தாலன்றி அவற்றை எண்ணிக் கூட்டவியலாது. ஆறில் மூன்று, ஆறில் இரண்டு என்று மாற்றிக்கொண்டால் விடை ஆறில் ஐந்து.

பழைய முறையில் அந்தப் பொது அளவுக்கும் ஒரு பெயர் இருந்தது. அது முந்திரி, 320இல் ஒன்று. காணிக்கு 4 முந்திரி, மாவுக்கு 16, வீசத்துக்கு 20, அரைக்காலுக்கு 40, காலுக்கு 80. பதினாறின் வழி வந்த பின்னங்களும் இருபதின் வழி வந்தவையும் முந்திரியில் வந்து சந்தித்தன. பொதுப் பகுதியெண் என்று இன்று கரும்பலகையில் எழுதுவதை அவர்கள் வாயாற் சொல்லிப் பழகினார்கள்.

கடல் கடந்து வந்ததும் இக்கணக்கு தடுமாறிற்று. இந்தியாவில் 1957 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆதலால் ரூபாயில் வீசம் என்பது ஓர் அணா. இலங்கையிலோ 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். கால் ரூபாய் 25 சதம் என்பது வரை தொல்லையில்லை. அரைக்கால் பன்னிரண்டரைச் சதம்; வீசம் ஆறேகால் சதம். அரைச் சதம், கால் சதம் என்று செப்புக் காசுகள் அக்காலத்தில் அடிக்கப்பட்டதை நாணயம் சேர்ப்போர் அறிவர். அரிசியில் மட்டும் பழைய வழி பிழைத்தது. ஒரு புசலுக்கு 32 கொத்து. அரைப் புசல் 16, கால் புசல் 8, அரைக்கால் புசல் 4. சம்பளத்தில் அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்தது போக மீதி எவ்வளவு என்பதை அறியக் கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

1927ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டி 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பெண் ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஆண்; பிள்ளை ஐந்தில் மூன்று. கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோர் பெண்களே என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம் கிடைத்தது 1984இல்தான். அந்த ஐந்தில் ஒன்றைக் கூட்டுவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கும் கல்வி தரவேண்டும் என்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும். அத்தகைய பாடசாலை ஒன்றிற் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பசறைப் பக்கத்தில் ஒருமுறை சந்தித்தேன். பாணை வெட்டிக் காட்டித்தான் பின்னம் படிப்பித்தாராம். “அரையும் அரையும் எவ்வளவு?” என்று கேட்டபோது ஒரு சிறுமி, “செக்ரோலில ஒண்ணு சார், ஆனா அம்மாவுக்கு ரெண்டு நாள்” என்றாளாம். அவருக்கு மறுமொழி தோன்றவில்லை.

எனக்கும் இன்றுவரை தோன்றவில்லை. அரைப் பேர் விழுந்த பெண் மலையில் நின்றது பெரும்பாலும் முழு நாள். மழையிலோ வறட்சியிலோ கொழுந்து இல்லாது போனால் பாதியாவது கூலிதானே தவிர, நாள் அன்று.

முக்காலுக்கும் இத்தகைய கதை உண்டு. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அடிப்படைச் சம்பளம் 450, தேயிலை விலைப் பங்கு 30, வருகைக் கொடுப்பனவு 140. கடைசித் தொகை, வேலை வழங்கப்பட்ட நாட்களில் முக்கால் பங்குக்கு வந்தவர்களுக்கே உரியது. மாதம் 25 நாள் வேலை என்றால் அதன் முக்கால் பதினெட்டே முக்கால். முக்கால் நாளுக்கு வேலைக்குப் போக முடியாதே. ஆகவே 19 நாள். பத்தொன்பது நாள் வந்தவருக்கு நாளுக்கு 620 வீதம் 11,780 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்று 18 நாள் வந்தவருக்கு 480 வீதம் 8,640. ஒரு நாள் வீட்டில் நின்றதற்குக் குறைந்தது 3,140 ரூபாய். 2019இன் ஒப்பந்தத்தில் இந்த வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. அரைப் பேர் நீக்கப்படவில்லை.