முத்துக்குளித்துறையின் செபப் புத்தகங்கள்

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையின் கடலோடிகளான பரவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தமிழில் செபம் எதுவும் அப்போது இல்லை. 1542-இல் அக்கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்க்காரர்கள் சிலரைக் கூட வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே இரண்டைத் திருத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்று சொல்லாமல் ‘விசுவாசம்’ என்று சொல்ல வேண்டும். முன்னது ஆசையைக் குறிக்கும், பின்னதே நம்பிக்கையைக் குறிக்கும் என்கிறார். கிறிஸ்து தம் விருப்பத்தோடு பாடுபட்டார் என்பதால், வலுக்கட்டாயம் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் விடச் சொல்கிறார். தமிழ்ச் செபநூல்களின் வரலாற்றை இந்தக் கடிதத்திலிருந்தே தொடங்க வேண்டும். சரியான சொல்லைத் தேடும் வேலை அங்கே ஆரம்பிக்கிறது. அது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது.

தமிழின் முதல் அச்சு நூல் தமிழ்நாட்டில் அச்சானதன்று, தமிழ் எழுத்திலும் இல்லை. போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜான் ஆணையால் 1554-இல் லிஸ்பனில் வெளிவந்த ‘கார்டிலா’ என்னும் செபச் சுவடியில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் உள்ளன. அவற்றுக்குரிய போர்ச்சுகீசியச் சொற்களும் உடன் வருகின்றன. அதைத் தமிழாக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூன்று தமிழர்கள். கடல் கடந்து சென்று இந்த வேலையைச் செய்த அவர்களுக்குத் தமிழ் அச்சு வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றியவர் அன்றீக்கு அடிகளார் என்று தமிழில் வழங்கும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1520-இல் போர்ச்சுகலில் பிறந்து, 1547 அளவில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். முதலில் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தவர், பிறகு தாமே தமிழ் கற்று, அதற்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். 1577-இல் கோவாவில் ஒருமுறையும், 1578-இல் கொல்லத்தில் இன்னொரு முறையும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. ஏட்டில் எழுதும் வழக்கப்படி அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் இல்லை. இன்றைய வாசகர் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். அன்றைய வாசகருக்கோ அது பழகிய ஓலையின் முகம்.

மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சானது. மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம் அது. குருவும் சீடனும் மாறி மாறிப் பேசும் அந்த அமைப்பு, பின்னால் வந்த ஞானோபதேசப் புத்தகங்களுக்கெல்லாம் முன்மாதிரி. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்குரிய கையேடு வந்தது. ‘கொம்பெசியொனாயரு’ என்ற அதன் பெயரே போர்ச்சுகீசியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்தது.

இவற்றுள் பெரியது 1586-இல் வந்த ‘அடியார் வரலாறு’. திருநாள் வரிசையில் புனிதர் கதைகளைச் சொல்லும் அது அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. செய்யுளே நூலாக மதிக்கப்பட்ட காலத்தில், கடற்கரை மக்களின் பேச்சை ஒட்டிய உரைநடையில் இத்தனை நீளமாகக் கதை சொல்லியது பெருஞ்செயல். வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக் கொண்டு ச. இராசமாணிக்கம் அடிகள் 1967-இல் தூத்துக்குடியில் அதை மறுபதிப்பாக்கினார். அன்றீக்கு அடிகளார் 1600-இல் இறந்தார்.

  

சொல்தேடல் ஓயவில்லை. மதுரையில் 1606 முதல் பணியாற்றிய இராபர்ட் தெ நொபிலி போர்ச்சுகீசியச் சொற்களை விலக்கினார். மிசை ‘பூசை’ ஆனது. பாதிரி ‘குரு’ ஆனார். கடவுளைக் குறித்த ‘தம்பிரான்’ இருந்த இடத்தில் ‘சர்வேசுரன்’ வந்தார். அவருடைய ஞானோபதேசம் அவர் இறந்து இருபது ஆண்டுக்குப் பின்னரே, 1677-ஐ ஒட்டி, கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. 1714-15-இல் தரங்கம்பாடியில் அச்சான, சீர்திருத்தச் சபைக் குரு சீகன்பால்குவின் புதிய ஏற்பாடும் கடவுளைச் ‘சறுவேசுரன்’ என்றே அழைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் விவிலியத்தைத் தமிழாக்கிய பப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871-இல் நிறைவுற்ற ‘ஐக்கியத் திருப்புதல்’ என்னும் விவிலிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்று மாற்றியது. சீர்திருத்தச் சபையாரின் செபங்களில் இன்றும் ஒலிப்பது அந்தச் சொல்லே.