ராத்திரி ரெண்டு மணிக் கணக்கு

நல்லபடியாகத்தான் படுக்கப் போகிறீர்கள். காய்ச்சல் இல்லை. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. நடுராத்திரி தாண்டியதும் கால் கட்டைவிரலில் யாரோ ஆணி இறக்குகிற மாதிரி ஒரு வலி. பதறி எழுந்து விளக்கைப் போட்டால், விரலின் அடிமூட்டு தக்காளியாகச் சிவந்து, வீங்கி, பளபளக்கிறது. போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது.

அனுபவித்தவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கவுட். ரத்தத்தில் யூரிக் ஆசிட் மிகுந்து, மூட்டுக்குள் ஊசி ஊசியாக உப்புப் படிந்து, ஒருநாள் திடீரென்று வெடிக்கிற சமாசாரம்.

எனக்கு மூன்றாவது முறை வந்தபோது டாக்டர் கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்ப வந்துது?"

"பொங்கல் சமயம் சார்... இல்ல, தீபாவளிக்கு அப்புறம்..."

"எத்தனை நாள் இருந்துது?"

"அது வந்து..."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் பி.காம். படித்தவன். பேரேடு எழுதாத கடை என்ன கதியாகும் என்று பத்துப் பக்கம் பரீட்சை எழுதியிருக்கிறேன். சொந்தக் காலுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை!

அதை எழுதி வைத்த ஒரு மனிதரைப் பார்ப்போமா?

பதினேழாம் நூற்றாண்டு லண்டன். பெயர், தாமஸ் சைடன்ஹாம். 1624-ல் பிறந்தவர். உள்நாட்டு யுத்தத்தில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று குதிரைப்படையில் சண்டை போட்டவர். பிறகு டாக்டரானார். முப்பது வருஷத்துக்கும் மேலாக கவுட்டில் அவதிப்பட்டார். 1683-ல் அதைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அதில் என்ன விசேஷம்? மணி! நோயாளி ஆரோக்கியமாகத் தூங்கப் போகிறான், ராத்திரி ரெண்டு மணி வாக்கில் வலி எழுப்புகிறது என்று எழுதினார். பெரும்பாலும் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி ஆரம்பம் என்று மாதத்தைக் குறித்தார். போர்வையின் கனம் தாங்காது, அறையில் ஒருவர் நடந்தால் அந்த அதிர்வும் தாங்காது என்றார். சுமார் ஒருநாள் கழித்துத்தான் வலி கொஞ்சம் இறங்கும் என்பதுவரை எழுதிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் எந்த டாக்டர் இருப்பார்? காலையில் போனால் வீங்கின விரலைத்தான் பார்க்க முடியும். ஆரம்பித்த நேரத்துக்கு நோயாளி ஒருவர்தான் சாட்சி. சைடன்ஹாமிடம் டாக்டரும் சாட்சியும் ஒரே உடம்பில் இருந்தார்கள்.

நூறு வருஷம் கழித்து இன்னொரு சாட்சி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அமெரிக்காவின் தூதராக பிரான்ஸில் இருந்தபோது, கவுட்டோடு தான் பேசுவதுபோல ஓர் உரையாடல் எழுதினார். நிறையத் தின்கிறாய், நடப்பதே இல்லை, செஸ் பலகை முன்னால் உட்கார்ந்தே கிடக்கிறாய் என்று கவுட் அவரை வறுத்தெடுக்கிறது. மேலே அவர் போட்ட தேதி, 1780 அக்டோபர் 22. நேரம்? நடுராத்திரி!

1848-ல் ஆல்ஃபிரட் காரோட் என்கிற லண்டன் டாக்டர், கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் ஆசிட் மிகுந்திருப்பதைக் காட்டினார். ரத்தத்தின் தெளிநீரில் அமிலம் சேர்த்து, ஒரு நூலைப் போட்டு வைப்பார். நூலில் படிகம் ஒட்டினால், ஆசிட் அதிகம் என்று அர்த்தம்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை போதுமே, நாட்குறிப்பு எதற்கு? அங்கேதான் சிக்கல். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கி, சிலருக்கு நார்மல் என்றே ரிப்போர்ட் வரும்! நோயாளியின் கணக்கு இல்லாவிட்டால் ஏமாந்து போகலாம்.

ஒரு ஆள் ரெண்டு மணி என்றால், அது எல்லாருக்கும் பொருந்துமா? பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 724 நோயாளிகளை இணையத்தின் மூலம் ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். வலி வந்ததும் தேதி, நேரம், சாப்பாடு, மருந்து எல்லாம் பதிய வேண்டும். 2015-ல் முடிவு வெளியானது. மொத்தம் 1,433 தாக்குதல். அதில் 733, நடுராத்திரிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில்! பகலோடு ஒப்பிட்டால் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல். ராத்திரியில் உடம்புச் சூடு இறங்குவது, நீர் வற்றுவது, கார்டிசால் என்கிற ஹார்மோன் குறைவது ஆகியவை காரணமாக இருக்கலாம் என்றார்கள். சைடன்ஹாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

அடுத்து, போன். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகக் குழு ஒன்று, தானியங்கித் தொலைபேசி அழைப்பு ஒரு பக்கம், ஸ்மார்ட்போன் செயலி ஒரு பக்கம் என்று இரண்டையும் வைத்து கவுட் தாக்குதல்களைக் கண்காணித்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. நோயாளிகளின் கையில் அடி எண்ணும் பட்டையையும் கட்டிப் பார்த்தார்கள். வலி வந்த நாட்களில் நடந்த அடிகள் குறைந்திருந்தன. ஆனால், ஏன் நடக்கவில்லை என்று பட்டைக்குத் தெரியாது. மழையா, சோம்பலா, கட்டைவிரலா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரின் ஆராய்ச்சியில் பிறந்த அலோபியூரினால், 1960-களிலிருந்து இருக்கிறது. யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை. அதில் ஒரு வேடிக்கை. ஆரம்பித்த முதல் சில மாதங்களில், பழைய படிவு கரையும்போது வலி அடிக்கடி வரலாம். 'மாத்திரைதான் வேலையைக் கெடுக்குது' என்று நிறுத்திவிடுகிறோம். நானும் நிறுத்தினேன். டாக்டரிடம் திட்டு வாங்கி மறுபடி ஆரம்பித்தபோது, இந்தத் தடவை போனில் குறித்து வைத்தேன். முதல் மூன்று மாதத்தில் நாலு தடவை. அடுத்த மூன்றில் ரெண்டு. அப்புறம் ஒன்று. ஞாபகத்தை நம்பியிருந்தால், 'வலி வந்துக்கிட்டேதான் இருக்கு' என்று மறுபடி தூக்கிப் போட்டிருப்பேன்.

பெரிய செயலியெல்லாம் வேண்டாம். எந்த போனிலும் நாலு வரி எழுதலாம். வந்த தேதி, மணி. எந்த மூட்டு. முந்தின ரெண்டு நாள் சாப்பாடு, தண்ணீர், மருந்து. எத்தனை நாளில் விட்டது. அதை டாக்டரிடம் நீட்டுங்கள். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

சைடன்ஹாமிடம் இருந்தது மெழுகுவத்தியும் இறகுப் பேனாவும். உங்கள் தலையணைக்குப் பக்கத்திலேயே போன் இருக்கிறது. அடுத்த தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினால், 'ஐயோ' என்று ஒரு தடவை கத்திக்கொள்ளுங்கள். தப்பில்லை.

கத்தி முடித்ததும், மணியை எழுதிவிடுங்கள்.