தனி ஒருவராக 13 ஆண்டுகள் – ஹெலன் சுஸ்மான்

பாராளுமன்ற ஜனநாயகத்தில் எண்ணிக்கைதான் எல்லாம் என்பார்கள். கை தூக்க ஆள் இருந்தால் சட்டம் நிறைவேறும், இல்லையென்றால் இல்லை. அப்படியானால் ஒரு மசோதாவைக்கூடத் தடுக்க முடியாத ஒற்றை எதிர்க்கட்சி உறுப்பினரால் என்ன பயன்? சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்க வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அவர் பெயர் ஹெலன் சுஸ்மான். 1961 முதல் 1974 வரை, நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த 13 ஆண்டுகள், தன் கட்சியின் ஒரே உறுப்பினராக அவர் அந்தப் பாராளுமன்றத்தில் இருந்தார்.

வெள்ளையர்களின் சபை

முதலில் அந்தச் சபை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்க மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. கேப் மாகாணத்தில் மட்டும் ஓரளவு இருந்த பொது ஓட்டுரிமையும் 1936-ல் பறிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, அவர்கள் சார்பில் பேசச் சில வெள்ளை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1960-ல் அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது.

ஆக, 1961 தேர்தலுக்குப் பிறகு கூடிய சபையில் கறுப்பர்களுக்காகப் பேச வேண்டிய கடமை யாருக்குமே இல்லை. ஆளும் நேஷனல் கட்சிக்கு 105 இடங்கள். முக்கிய எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சிக்கு 49. அந்த எதிர்க்கட்சியோ, வெள்ளையர் ஓட்டுப் போய்விடுமே என்ற பயத்தில், பல நேரங்களில் அரசோடு சேர்ந்தே ஓட்டுப் போட்டது.

வணிகவியல் பட்டதாரி

ஹெலன் 1917 நவம்பர் 7-ம் தேதி, ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள ஜெர்மிஸ்டன் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்த அவர், பின்னர் அங்கேயே பொருளாதார வரலாறு கற்பித்தார்.

இனங்களுக்கிடையிலான உறவு பற்றி ஆய்வு செய்துவந்த ஒரு நிறுவனத்துக்காக, 1940களின் பிற்பகுதியில் அவர் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். நகரங்களில் வாழும் கறுப்பர்கள் பற்றி ஆராய அரசு அமைத்த ஃபேகன் கமிஷன் முன் வைப்பதற்கான ஆதாரங்களைத் திரட்டும் வேலை அது. கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ், வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்து நகரத்துக்கு வரும் ஆண்கள், நகரில் தங்க உரிமையில்லாத மனைவியர் என எல்லாவற்றையும் அவர் அப்போதுதான் ஆழமாகத் தெரிந்துகொண்டார். அவர் அரசியலுக்கு வர முக்கியக் காரணம் இதுதான்.

1953-ல் ஜோகன்னஸ்பர்க்கின் வசதியான பகுதியான ஹூட்டன் தொகுதியிலிருந்து ஐக்கியக் கட்சியின் சார்பில் பாராளுமன்றத்துக்குச் சென்றார். கட்சியின் மழுப்பல் அவருக்குப் பிடிக்கவில்லை. 1959-ல் வேறு சில உறுப்பினர்களோடு வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். 1961 அக்டோபர் தேர்தலில் அந்தக் கட்சியில் வென்றது அவர் ஒருவர்தான். வித்தியாசம் வெறும் 564 ஓட்டு!

90 நாள் சட்டம்

1963-ல் அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி எவரையும் வாரண்ட் இல்லாமல், குற்றச்சாட்டு இல்லாமல், வக்கீலைப் பார்க்க விடாமல் 90 நாட்கள் போலீஸ் அடைத்து வைக்கலாம். 90 நாள் முடிந்ததும் மறுபடி பிடித்து இன்னொரு 90 நாள் அடைக்கவும் முடியும்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. பான் ஆப்பிரிக்க காங்கிரஸ் தலைவர் ராபர்ட் சோபுக்வேயின் தண்டனைக் காலம் முடியப்போகிறது. அவரை விடாமல் மேலும் அடைத்து வைப்பதற்காகவே அந்தப் பிரிவு எழுதப்பட்டது. அவர் 1969 வரை ராபன் தீவில் தனியே அடைத்து வைக்கப்பட்டார்.

முக்கிய எதிர்க்கட்சியும் இந்த மசோதாவை ஆதரித்தது. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அது ஹெலன் சுஸ்மானுடையது. மற்ற எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்து செல்ல, காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் அவர் தனியே உட்கார்ந்திருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் இந்தச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்ட லுக்ஸ்மார்ட் நுட்லே காவலில் இறந்தார். போலீஸ் காவலில் நடந்த மரணங்களின் நீண்ட பட்டியலின் தொடக்கத்திலேயே அவர் பெயர் இருக்கிறது. 1965-ல் 90 நாள் 180 நாளானது. 1967-ன் பயங்கரவாதச் சட்டம் நாள் கணக்கையே எடுத்துவிட்டது. அந்த 1967 சட்டத்தையும் எதிர்த்து ஓட்டளித்தவர் இவர் ஒருவரே.

கேள்வி என்னும் ஆயுதம்

ஓட்டெடுப்பில் தோற்பது உறுதி. ஆனால் பாராளுமன்ற விதிகள் ஒற்றை உறுப்பினருக்கும் இரண்டு உரிமைகளைத் தந்தன. ஒன்று, அமைச்சரிடம் கேள்வி கேட்பது. இன்னொன்று, சபைக்குள் பேசுவதற்காக வழக்குப் போட முடியாத பாதுகாப்பு. ஹெலன் இந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாட்களில் சிறைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது ஆபத்தான வேலை. 1959-ன் சிறைச் சட்டப்படி, வெளியிட்ட செய்தி உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு பத்திரிகையின் தலையில் விழுந்தது. 1965-ல் சிறைக் கொடுமைகளை வெளியிட்ட ராண்ட் டெய்லி மெயில் நாளிதழின் ஆசிரியரும் நிருபரும் வழக்கில் இழுக்கப்பட்டார்கள். ஆனால் அமைச்சரே சபையில் சொன்ன பதிலை வெளியிட்டால் யாரும் கேட்க முடியாது. சபையில் ஹெலன் பேசியதையும் பத்திரிகைகள் தாராளமாக அச்சிட முடிந்தது.

அவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கேள்விகள் கேட்டார். பாஸ் சட்டத்தில் எத்தனை பேர் பிடிபட்டார்கள்? எத்தனை பேர் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருக்கிறார்கள்? காவலில் இறந்தவர்கள் எத்தனை பேர், எந்தக் காரணத்தால்? எத்தனை பேருக்குக் கசையடி? வீட்டை விட்டு அகற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை? ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது, ஒரு கறுப்புக் குழந்தைக்கு எவ்வளவு?

பதில்கள் அதிர்ச்சி தந்தன. பாஸ் சட்டத்தில் மட்டும் ஆண்டுக்குப் பல லட்சம் பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். கல்விச் செலவில் வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல். இவை எதிரிகள் கிளப்பிய வதந்தி அல்ல, அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் வெளிநாட்டு அமைப்புகளும் ஆண்டுதோறும் இந்தப் பதில்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

ஒருமுறை ஓர் அமைச்சர் கோபத்தில், வெளிநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்குத் தலைகுனிவு உண்டாக்கவே இவர் கேள்வி கேட்கிறார் என்று குற்றம் சாட்டினார். அதற்கு ஹெலன் சொன்ன பதில் புகழ்பெற்றது: தலைகுனிவை உண்டாக்குவது என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள்!

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் நேரில் போய்ப் பார்த்துவிடுவார். கறுப்பர் குடியிருப்புகள், ஆட்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய வறண்ட மீள்குடியேற்ற இடங்கள், சிறைகள் என எல்லா இடத்துக்கும் போனார். அதனால் 'அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அமைச்சர்கள் அவரிடம் தப்பிக்க முடியவில்லை.

அப்படி வீடு இழந்தவர்களில் தமிழர்களும் உண்டு. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் பலர், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்டார்கள். அந்தச் சட்டத்தையும் ஹெலன் தொடர்ந்து எதிர்த்தார்.

ராபன் தீவில்

1967-ல் ஹெலன் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். வரிசையாக இருந்த அறைகளில் முதலில் இருந்த கைதி எடி டேனியல்ஸ். அவர் தன் குறையைச் சொல்லவில்லை. கடைசியில் இருக்கும் மண்டேலாவிடம் போங்கள், அவர்தான் எங்கள் தலைவர் என்றார்.

சிறை அதிகாரிகள் பக்கத்திலேயே நின்றார்கள். இருந்தும் மண்டேலா உணவு, உடை, படிப்பு, வேலை பற்றிய குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கையில் நாஜி ஸ்வஸ்திகா பச்சை குத்திய ஒரு காவலர் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதையும் சொன்னார். ஹெலன் அதை மேலிடம் வரை கொண்டுபோனார். அந்தக் காவலர் தீவிலிருந்து மாற்றப்பட்டார். இந்த வருகையை மண்டேலா தன் சுயசரிதையில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஏச்சுகளும் தனிமையும்

சபையில் அவரை மாஸ்கோவுக்குப் போ, இஸ்ரேலுக்குப் போ என்று கத்துவார்கள். பெண் என்பதற்காகவும், யூதர் என்பதற்காகவும் கேலி செய்தார்கள். 1966 செப்டம்பர் 6-ல் பிரதமர் வெர்வூர்ட் சபையிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவருக்கும் ஹெலனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அமைச்சர் பி. டபிள்யூ. போத்தா அவரைப் பார்த்து விரலை நீட்டி, இதற்குக் காரணம் உங்களைப் போன்ற லிபரல்கள்தான் என்று கூச்சலிட்டார். ஹெலன் விடவில்லை. சபாநாயகரிடம் முறையிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்.

மரண தண்டனையையும் அவர் தொடர்ந்து எதிர்த்தார். 1975-ன் கருக்கலைப்புச் சட்டத்துக்கு முன், அந்த விஷயத்தை ஆராய ஆண்களை மட்டுமே கொண்ட குழு அமைக்கப்பட்டபோது அதையும் கண்டித்தார். திருமணமான பெண்களின் சட்ட உரிமைகளுக்காகவும் பேசினார்.

விமர்சனங்கள்

ஹெலன் மீது விமர்சனங்களும் உண்டு. வெள்ளையர் மட்டுமே இருக்கும் சபையில் உட்காருவதே அந்த ஆட்சிக்கு ஜனநாயக முகமூடி மாட்டுவதாகும் என்றார்கள் சிலர். அவர் கட்சி 1978 வரை, கல்வியும் சொத்தும் உள்ளவர்களுக்கே ஓட்டு என்ற கொள்கையை வைத்திருந்தது. 1980களில் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று விடுதலை இயக்கங்கள் கேட்டபோது, வேலை இழக்கப்போவது ஏழைக் கறுப்பர்கள்தான் என்று கூறி அவர் எதிர்த்தார். இதனால் பலர் அவர் மேல் கோபம் கொண்டார்கள்.

இந்த விமர்சனங்களில் நியாயம் இருக்கிறது. நிறவெறி ஆட்சியை வீழ்த்தியது பாராளுமன்றப் பேச்சு அல்ல. ஷார்ப்வில்லிலும் சொவெட்டோவிலும் உயிரைக் கொடுத்த மக்கள், தொழிற்சங்கங்கள், சிறையில் வாடியவர்கள், உலக நாடுகளின் நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன. ஆனால் சிறைக்குள் இருந்தவர்களுக்கும், வீடு இழந்தவர்களுக்கும், தங்கள் பெயரைச் சபையில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் ஹெலனுக்குக் கடிதம் எழுதினார்கள். தங்களுக்கு ஓட்டே இல்லாத ஒரு தொகுதியின் உறுப்பினரிடம் மனுக் கொடுத்தார்கள்!

பலன்

1974 தேர்தலுக்குப் பிறகு அவர் கட்சியில் ஏழு பேர் ஆனார்கள். 1977-ல் அதுவே பெயர் மாறி, அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சியாக வளர்ந்தது. 1978-ல் ஐ.நா.வின் மனித உரிமைப் பரிசு ஹெலனுக்குக் கிடைத்தது. 36 ஆண்டுப் பணிக்குப் பின் 1989-ல் ஓய்வு பெற்றார். பாஸ் சட்டங்கள் 1986-ல் ஒழிந்தன. 1995-ல் அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியது. 1996 டிசம்பர் 10-ல் ஷார்ப்வில்லில் புதிய அரசியல் சாசனத்தில் மண்டேலா கையெழுத்திட்டபோது, ஹெலன் அவர் பக்கத்தில் நின்றார். 2009 ஜனவரி 1-ம் தேதி, 91-ம் வயதில் காலமானார்.

அந்த 13 ஆண்டுகளில் அவரால் ஒரு மோசமான மசோதாவைக்கூட நிறுத்த முடியவில்லை என்பது உண்மை. ஆனால் எங்களுக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் எந்த அமைச்சரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார். கேள்வியும் பதிலும், தேதியோடு, அவைக் குறிப்பில் அச்சாகி இருக்கின்றன. எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சியால் என்ன பயன் என்று கேட்பவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.