போர் நடுவே பிறந்த அணுகுண்டு

அணுகுண்டு ஏன் யுத்த காலத்தில் உருவாயிற்று என்று கேட்டால், யுத்தத்துக்குத்தானே குண்டு வேண்டும் என்று உடனே விடை கூறிவிடலாம். அவ்விடை பிழையன்று, ஆனால் போதாது. இரண்டாம் உலகப் போரில் இறங்கிய வல்லரசுகளுக்கு உடனடியாகச் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. விமானம் வேண்டும், கப்பல் வேண்டும், ரேடார் வேண்டும். இத்தகைய நெருக்கடியில், கைகூடுமா கூடாதா என்றே நிச்சயமில்லாத ஒரு கருவிக்காக ஒரு தேசம் சுமார் 200 கோடி டாலரையும் லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் ஒதுக்கியது எவ்வாறு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை காண, போர் மூள்வதற்கு எட்டு ஒன்பது மாதங்களுக்கு முன்னர் பெர்லின் நகரில் நடந்த ஒரு ரசாயனச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

1938 டிசம்பரில் ஆட்டோ ஹான், பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்னும் இரு ரசாயன நிபுணர்கள் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தி, விளைந்த பொருளைப் பகுத்துப் பார்த்தனர். அதில் பேரியம் இருக்கக் கண்டு திகைத்தனர். பேரியத்தின் அணு எடை யுரேனியத்தின் எடையில் பாதிக்குச் சற்றே மேற்பட்டது. யுரேனியத்திலிருந்து அது எவ்வாறு தோன்றக்கூடும்? ஹான் தம்மோடு முப்பது ஆண்டுகள் ஒருங்கே உழைத்த லீஸ மைட்னருக்கு எழுதிக் கேட்டார். மைட்னர் அப்போது பெர்லினில் இல்லை. வியன்னாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவராதலால், ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய பிறகு அவருக்கு ஜெர்மனியில் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. 1938 ஜூலையில் தப்பி, ஸ்வீடன் சேர்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த அவருடைய சகோதரியின் மகன் ஆட்டோ பிரிஷும் அவரும் பனியில் உலவியபடியே அப்புதிரை அவிழ்த்தனர். யுரேனியத்தின் உட்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளக்கும்போது, ரசாயன மாறுதல் எதிலும் காண முடியாத அளவு பெருஞ்சக்தி வெளிப்படுகிறது.

பின்னர் நடந்தவற்றின் வித்து இதில் இருப்பதைக் காணலாம். கண்டுபிடிப்பு நிகழ்ந்தது ஹிட்லரின் தலைநகரில். அதன் பொருளைக் கண்டு சொன்னவர் ஹிட்லரால் விரட்டப்பட்டவர். 1933 ஏப்ரலில் நாஜி சர்க்கார் இயற்றிய சட்டம் யூத விஞ்ஞானிகளைச் சர்வகலாசாலைகளிலிருந்து வெளியேற்றிற்று. ஜெர்மன் பௌதிகத்தை உள்ளும் புறமும் அறிந்த ஒரு கூட்டம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அகதிகளாய்க் குடியேறிற்று. ஹைஸன்பர்க் எத்தகைய மேதை என்பதை அமெரிக்கச் சேனாதிபதிகள் அறியார். இந்த அகதிகள் நன்கு அறிவர். அச்சம் என்பது அறிந்தவனுக்கே மிகுதி. (அக்காலத்து இடப்பெயர்ச்சியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் பணியாற்றி வந்த ஹோமி பாபா, 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்த சமயம் போர் மூண்டுவிட்டதால், பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் தங்கிப் பணிபுரியலானார்.)

அவ்வகதிகளுள் ஒருவர் ஹங்கேரியரான லியோ ஸிலார்ட். ஒரு நியூட்ரான் ஓர் அணுவை உடைத்து, அவ்வுடைப்பிலிருந்து இரண்டு நியூட்ரான்கள் புறப்படுமாயின், அவை வேறு இரண்டு அணுக்களை உடைக்கும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இந்தச் சங்கிலித் தொடர் வினையை அவர் 1933இலேயே லண்டனில் கற்பனை செய்திருந்தார். ஆனால் எந்தப் பொருள் அவ்வாறு உடையும் என்பது அவருக்குத் தெரியவில்லை. 1939 தொடக்கத்தில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் நடந்த சோதனைகள், யுரேனியம் உடையும்போது உபரி நியூட்ரான்கள் வெளிவருகின்றன என்று காட்டின. ஸிலார்ட் இம்முடிவுகளை அச்சிட வேண்டாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி ஜோலியோ கியூரியை வேண்டினார். விஞ்ஞானம் மறைவின்றி நடப்பதே மரபு, ஜோலியோ இணங்கவில்லை. 1939 ஏப்ரலில் கட்டுரை வெளியாயிற்று. அந்த மாத இறுதிக்குள் ஹாம்பர்க் நகரப் பேராசிரியர் பால் ஹார்டெக், இதனைக் கொண்டு இதுகாறும் இல்லாத வெடிமருந்து செய்யக்கூடும் என்று ஜெர்மன் யுத்த இலாகாவுக்கு எழுதிவிட்டார். செக்கோஸ்லோவாகியச் சுரங்கங்களின் யுரேனியத்தை விற்பதையும் ஜெர்மனி நிறுத்திற்று.

1939 ஆகஸ்ட் 2ஆம் தேதியிட்டு ஐன்ஸ்டீன் ஒப்பமிட்ட கடிதம் பிறந்தது இந்த அச்சத்தினின்றே. அணுகுண்டு பிறந்தது அக்கடிதத்தால்தான் என்று பலர் எழுதியுள்ளனர். உண்மையில் அதன் உடனடிப் பயன் அற்பமே. அத்தகைய குண்டு விமானத்தில் ஏற்ற முடியாத பாரம் உடையதாக இருக்கலாம், கப்பலில் துறைமுகத்துக்குக் கொண்டு போக நேரிடலாம் என்றே அக்கடிதம் கருதிற்று. அக்டோபரில் அதைப் பெற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு குழு அமைத்தார்; குழு ஆராய்ச்சிக்கென்று அளித்த தொகை 6,000 டாலர். அத்தொகையில் குண்டு பிறந்திருக்காது.

திருப்பம் நேர்ந்தது இங்கிலாந்தில். 1940 மார்ச்சில், பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் பிரிஷும், ருடால்ப் பையர்ல்ஸ் என்னும் மற்றோர் அகதியும் ஒரு கணக்குப் போட்டனர். அவர்கள் அன்னிய நாட்டினர் என்பதனால் ரேடார் முதலிய ரகசிய வேலைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. எவருக்கும் அவசரமாகத் தோன்றாத யுரேனியம் அவர்களுக்கு எஞ்சிற்று! யுரேனியத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு கூடத் தேறாத யுரேனியம் 235 என்னும் இனமே எளிதில் பிளவுபடுவது. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் குண்டுக்கு எவ்வளவு தேவைப்படும்? டன் கணக்கில் வேண்டியிருக்கும் என்று எண்ணியவர்கள் நடுவே, ஏறக்குறைய ஒரு கிலோ போதும் என்றது அவர்கள் கணக்கு. அது மிகக் குறைவான மதிப்பீடு என்பது பின்னர் தெரிந்தது. ஹிரோஷிமாவில் வீசிய குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. ஆயினும் டன் என்பது கிலோ என்று ஆனவுடனே, குண்டு கற்பனையிலிருந்து இறங்கித் தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டது. அவர்கள் எழுதிய குறிப்பில் மற்றொன்றும் இருந்தது. இக்குண்டுக்குத் தடுப்பு இல்லை. எதிரியிடம் இது இருக்குமாயின், நம்மிடமும் இது உண்டு என்று காட்டி அவனை அடக்குவது ஒன்றே வழி. எனவே, பயன்படுத்தும் எண்ணமே இல்லாவிட்டாலும் செய்யத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அணுயுகத்தின் தர்க்கம் முழுவதும் அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது.

பிரிட்டிஷ் நிபுணர் குழு 1941 ஜூலையில் அதனை ஆமோதித்தது. அந்த அறிக்கை அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டது; அங்கே யுரேனியக் குழுத் தலைவர் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருந்தார் என்பதை, ஆகஸ்டில் நேரில் சென்ற மார்க் ஆலிபண்ட் கண்டு அதிர்ந்தார். அவர் ஊர் ஊராய்ச் சென்று விஞ்ஞானிகளைத் தட்டி எழுப்பினார். அக்டோபர் 9ஆம் தேதி ரூஸ்வெல்ட் விரிவான ஆராய்ச்சிக்கு இசைந்தார். டிசம்பர் 7ஆம் தேதி ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிற்று. அதன்பின் செலவைப் பற்றிக் கேட்பார் இல்லை.

சமாதான காலத்தில் இது ஏன் நடந்திருக்காது என்பதை இங்கே நன்கு உணரலாம். யுரேனியம் 235ஐப் பிரிக்கப் பல முறைகள் இருந்தன; புளூட்டோனியம் என்னும் புதிய மூலகத்தை உண்டாக்குவது வேறொரு வழி. எது பலிக்கும் என்று எவரும் அறியார். சிக்கனம் பார்க்கும் சர்க்கார் ஒன்றைச் சோதித்து, அது தோற்றால் அடுத்ததற்குச் செல்லும். போரில் பணத்தைக் காட்டிலும் காலமே அருமை. ஆகவே எல்லா வழிகளிலும் ஒரே சமயத்தில் இறங்கினர். 1942 செப்டம்பரில் பொறுப்பேற்ற ஜெனரல் குரோவ்ஸ், ஆய்வுக்கூடத்தில் கடுகளவு கிடைத்த பொருள்களை நம்பி நகரங்களையே எழுப்பினார். டென்னஸி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ், கொலம்பியா நதிக் கரையில் ஹான்போர்ட், நியூ மெக்ஸிகோவின் மேட்டு நிலத்தில் லாஸ் அலமாஸ். மின்காந்தங்களுக்குத் தாமிரக் கம்பி கிடைக்கவில்லை என்றவுடன், அமெரிக்கக் கஜானாவிலிருந்து 14,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளியைக் கடனாகப் பெற்றுச் சுருள் சுற்றினர். அவ்வெள்ளி பின்னர் திருப்பித் தரப்பட்டது. பெரும் அணைகளின் மின்சாரம் இருந்தது. எதிரி விமானம் எட்டாத நிலப்பரப்பு இருந்தது. இங்கிலாந்துக்கு இவை இல்லாததனால்தான், தான் தொடங்கிய வேலையை அது அமெரிக்காவிடம் ஒப்படைத்தது.

அவர்கள் அஞ்சிய ஜெர்மனியில் அப்போது நடந்தது என்ன? 1942 தொடக்கத்திலேயே ஜெர்மன் ராணுவம், இந்தப் போருக்குள் பயன் தராது என்று யுரேனிய ஆராய்ச்சியைக் கைவிட்டு, சிவில் கழகத்திடம் தள்ளிவிட்டது. ஜூன் மாதம் அமைச்சர் ஸ்பேரிடம் ஹைஸன்பர்க் பேசியபோதும் பெருமுயற்சி எதுவும் விளையவில்லை. அணு உலைக்கான சிறு ஆராய்ச்சியே தொடர்ந்தது. அமெரிக்காவை உந்திய அதே யுத்தம் ஜெர்மனியைத் தடுத்தது. ரஷ்யப் பனியில் சிக்கிய சேனைக்கு வேண்டியது அடுத்த மாதம் கிடைக்கும் ஆயுதம், மூன்றாண்டு கழித்து வருவதன்று.

இந்தச் செய்தி அட்லாண்டிக்கைக் கடக்கவில்லை. ரகசியம் அச்சத்துக்கு உரமிட்டது. எதிரி பேசாதிருப்பது, அவன் செய்துகொண்டிருக்கிறான் என்பதற்கே சான்றாகக் கருதப்பட்டது. இது ஒரு பக்கத்து மயக்கம் அன்று. பிளவைப் பற்றிய அமெரிக்கக் கட்டுரைகள் பத்திரிகைகளில் திடீரென்று நின்றதைக் கண்ட இளம் ரஷ்ய விஞ்ஞானி பிளெரோவ், அங்கே குண்டு செய்கிறார்கள் என்று ஊகித்து, 1942இல் ஸ்டாலினுக்கே எழுதினார். அவர் ஊகம் சரி. அமெரிக்கர் ஊகம் தவறு.

1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கைப்பற்றிய காகிதங்கள், ஜெர்மனியிடம் குண்டு இல்லை, வரும் நிலையிலும் இல்லை என்று தெளிவாக்கின. தொடங்கிய காரணம் அத்துடன் அற்றுப்போயிற்று. ஆயினும் லாஸ் அலமாஸில் வேலை நிற்கவில்லை, மேலும் விரைந்தது. அவ்வாண்டு இறுதியில், காரணம் போய்விட்டது என்று கூறி வெளியேறியவராக ஜோஸப் ராட்பிளாட் என்னும் போலந்து விஞ்ஞானி ஒருவரையே வரலாறு குறிக்கிறது. ஏனையோரைக் கொடியவர் என்று கருத வேண்டியதில்லை. கணக்கு விடையை நெருங்கும்போது பென்சிலைக் கீழே வைப்பது விஞ்ஞானிக்கு அரிது. 200 கோடி டாலரைச் செலவழித்துவிட்டு, காட்ட ஒன்றும் இல்லை என்று காங்கிரஸின் முன் நிற்பது நிர்வாகிக்கு அரிது. பசிபிக்கில் நாள்தோறும் மடியும் வீரர்களின் கணக்கும் அமைச்சர்களின் மேஜைமேல் இருந்தது. ஜெர்மனி 1945 மே மாதம் சரணடைந்தது; ஜூலை 16ஆம் தேதி பாலைவனத்தில் முதல் குண்டு சோதிக்கப்பட்டது. மறுநாள் தேதியிட்டு, ஜப்பான்மீது இதனை எளிதில் பிரயோகிக்கலாகாது என்று ஒரு மனு புறப்பட்டது. சிகாகோவிலிருந்து ஏறக்குறைய எழுபது விஞ்ஞானிகள் அதில் ஒப்பமிட்டனர். எழுதியவர், ஐன்ஸ்டீனிடம் கடிதம் வாங்கச் சென்ற அதே ஸிலார்ட்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்த பத்து ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹிரோஷிமாச் செய்தியை வானொலியில் கேட்டனர். ஹானும் ஹைஸன்பர்க்கும் அவர்களுள் இருந்தனர். சுவரில் மறைத்திருந்த ஒலிவாங்கிகள் அவர்கள் பேச்சைப் பதிவு செய்தன. அப்பதிவுகள் 1992இல்தான் வெளியாயின. ஹைஸன்பர்க் முதலில் செய்தியை நம்பவே இல்லை. அன்றிரவு ஹானுக்கு விளக்கம் கூறுகையில், ஒரு குண்டுக்கு டன் அளவு யுரேனியம் 235 வேண்டும் என்றே கணக்கிட்டார். ஒரு வாரம் கழித்து, தம் தோழர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவில், அக்கணக்கைக் கிலோவாகத் திருத்திக்கொண்டார்.