ஆக்சிடாசின்

ஆக்சிடாசின் என்பது பாலூட்டிகளின் மூளையில் உருவாகும் ஓர் இயக்குநீர் ஆகும். ஹார்மோன் என்று பரவலாக அறியப்படும் பொருள்களுள் இதுவும் ஒன்று. மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதும், தாய்ப்பாலை வெளிவரச் செய்வதும் இதன் முதன்மைப் பணிகளாகும். தாய்-சேய்ப் பிணைப்பு, இணை சேர்தல், அச்சம், மன அமைதி ஆகியவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இதனால் ஊடகங்களில் இது "அன்பு இயக்குநீர்" என்று அழைக்கப்படுவதுண்டு. எனினும் இதன் விளைவு சூழலுக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறுவதால் அப்பெயர் முழுமையாகப் பொருந்துவதில்லை.

கண்டுபிடிப்பு

1906 ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிவியலாளர் என்றி டேல், மாட்டின் கபச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு, சினையாக இருந்த பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். "விரைவான பிறப்பு" என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இதன் பெயர் உருவானது. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னியோடு 1953 இல் இதன் அமைப்பைக் கண்டறிந்ததோடு, இதனைச் செயற்கையாகவும் உருவாக்கினார். இப்பணிக்காக 1955 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அமைப்பும் சுரப்பும்

ஆக்சிடாசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது. உடலின் நீர்ச் சமநிலையைப் பேணும் வாசோபிரெசின் என்னும் இயக்குநீரிலிருந்து இது இரண்டு அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. மூளையின் ஐப்போதலாமசு பகுதியிலுள்ள நரம்பணுக்களில் இது உருவாகி, கபச்சுரப்பியின் பின்மடல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அதே நரம்பணுக்களின் கிளைகள் மூளையின் பிற பகுதிகளுக்கும் இதனைக் கொண்டு செல்கின்றன. இரத்தத்தில் இது சில நிமிடங்களிலேயே சிதைந்து விடுகிறது.

மகப்பேறும் பாலூட்டலும்

குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்தும்போது ஆக்சிடாசின் சுரக்கிறது. அது கருப்பையைச் சுருக்குகிறது. அச்சுருக்கத்தால் அழுத்தம் கூடி, மேலும் ஆக்சிடாசின் சுரக்கிறது. குழந்தை பிறக்கும் வரை இச்சுழற்சி தொடரும்.

குழந்தை மார்பில் சப்பும்போதும் இது சுரந்து, பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள தசையணுக்களைச் சுருக்கிப் பாலை வெளியேற்றுகிறது. பால் உண்டாவதற்குப் புரோலாக்டின் என்னும் வேறோர் இயக்குநீரும், உண்டான பால் இறங்குவதற்கு ஆக்சிடாசினும் தேவை. குழந்தையின் அழுகுரலைக் கேட்ட அளவிலேயே சில தாய்மாருக்குப் பால் கசிவது இதனாலாகும். வலி, அச்சம், கடும் கவலை ஆகியவை பால் இறங்குவதைத் தடுக்கக்கூடும். ஆகவே பாலூட்டும் தாய்க்கு அமைதியான சூழல் தேவை என்பதற்கு உடலியல் அடிப்படை உண்டு.

பசுக்களிலும் இவ்வாறே நிகழ்கிறது. கறப்பதற்கு முன் கன்றை ஊட்டவிட்டு மடியைச் சுரக்கச் செய்வது தமிழக வழக்கம். கன்று இறந்துவிட்டால், அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்துவர். பசுவை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து தந்த காலத்தில், சென்னைத் தெருக்களில் இத்தகைய வைக்கோற் கன்றுகளைக் காண முடிந்தது. ஆக்சிடாசினைப் பற்றி அறியாமலேயே அதனைச் சுரக்கச் செய்த முறை இது.

பிணைப்பு

புல்வெளி வோல் எனப்படும் வட அமெரிக்க எலியினம் ஒரே இணையுடன் நெடுநாள் வாழும் இயல்புடையது. இவ்வினத்தின் பெண் எலிகளின் மூளையில் ஆக்சிடாசினைச் செலுத்தியபோது அவை விரைவில் இணைப் பிணைப்பை ஏற்படுத்திக்கொண்டன. இவ்வாய்வுகளே "அன்பு இயக்குநீர்" என்னும் கருத்துக்கு வித்திட்டன. ஆனால் 2023 இல் வெளியான ஆய்வொன்றில், ஆக்சிடாசின் ஏற்பி இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட வோல்களும் இணை சேர்ந்து, குட்டிகளுக்குப் பாலூட்டி வளர்த்தன. பிணைப்பு ஒரே பொருளைச் சார்ந்ததன்று என்பதை இது காட்டியது.

மனிதரில், மூக்கு வழியாக ஆக்சிடாசின் பெற்றவர்கள் பண விளையாட்டு ஒன்றில் அறிமுகமற்றவரை அதிகம் நம்பினர் என 2005 இல் சூரிச்சில் நடந்த ஆய்வு கூறியது. பின்னர் மேலும் பலரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளில் இம்முடிவு உறுதிப்படவில்லை. தம் குழுவினரிடம் பற்றைக் கூட்டும் இப்பொருள், அக்குழுவைச் சாராதவரிடம் அதே பற்றை உண்டாக்குவதில்லை என்றும் சில ஆய்வுகள் தெரிவித்தன.

அச்சமும் மனநலமும்

அச்சத்தை உணர்வதில் மூளையின் அமிக்டலா என்னும் பகுதி முக்கிய இடம் பெறுகிறது. எலிகளில் இப்பகுதியை அடையும் ஆக்சிடாசின், அச்சத்தால் உறைந்து நிற்கும் இயல்பைக் குறைக்கிறது. அச்சமூட்டும் படங்களைக் கண்ட ஆண்களில் அமிக்டலாவின் செயற்பாட்டை இது குறைத்ததாக 2005 இல் வெளியான ஆய்வொன்று கூறியது. பெண்களிடம் செய்யப்பட்ட சில ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவுகளும் கிடைத்துள்ளன.

இதனை மருந்தாக்கும் முயற்சிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மன இறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு 24 வாரங்கள் மூக்கு வழியாக ஆக்சிடாசின் அளித்தும், சமூகப் பழக்கங்களில் போலி மருந்தை விடக் கூடுதல் பயன் இல்லை என 2021 இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மாறாக, குறை எடையுடன் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படுமாறு அணைத்துவைக்கும் "கங்காரு தாய்மை" முறை உயிர்களைக் காக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது 28 நாள்களுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் 15.7 விழுக்காட்டிலிருந்து 12.0 விழுக்காடாகக் குறைந்தது. வெப்பம், தாய்ப்பால், தாயின் அண்மை ஆகியவை சேர்ந்து தரும் பயன் இது. ஆக்சிடாசினால் மட்டும் விளைந்ததாகக் கூற இயலாது.

மருத்துவப் பயன்பாடு

மகப்பேற்றுக்குப் பின் ஏற்படும் மிகையான இரத்தப்போக்கு, தாய்மார் இறப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இதனைத் தடுக்க, குழந்தை பிறந்தவுடன் 10 அலகு ஆக்சிடாசின் தருமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. வெப்பத்தில் இம்மருந்து வீரியம் இழப்பதால் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்துக் காக்கப்பட வேண்டும்.

இந்தியாவில் தடையும் தீர்ப்பும்

பால் உடனே இறங்குவதற்காகக் கறவை மாடுகளுக்கு ஆக்சிடாசின் ஊசி போடும் வழக்கம் இந்தியாவில் பரவியது. இம்முறைகேட்டைத் தடுக்க, உள்நாட்டுப் பயனுக்காகத் தனியார் நிறுவனங்கள் இதனைத் தயாரிப்பதை 2018 ஏப்ரலில் நடுவண் அரசு தடைசெய்தது. பொதுத்துறை நிறுவனமான கர்நாடக ஆன்டிபயாட்டிக்ஸ் அண்டு பார்மசூட்டிகல்ஸ் மட்டுமே தயாரிக்கலாம் என்றது. மருந்துத் தட்டுப்பாட்டால் தாய்மாரின் உயிருக்கு ஆபத்து நேரும் என மருந்து நிறுவனங்களும் தன்னார்வ அமைப்பும் வழக்குத் தொடுத்தன. தடைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை எனக் கூறி, தில்லி உயர்நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று அதனை நீக்கியது.

ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தால் அந்த ஆக்சிடாசின் மனித உடலைப் பாதிக்கும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. உண்ணப்படும் ஆக்சிடாசின் பிற புரதங்களைப் போலவே குடலில் செரித்துச் சிதைகிறது.

இவற்றையும் பார்க்க

வாசோபிரெசின்
புரோலாக்டின்
கபச்சுரப்பி
தாய்ப்பால்