நிலமும் தொட்டிலும்

தொட்டில்கள் குறைவதற்கு மக்களின் இறைப்பற்று குன்றியதே காரணம் என்று மறையுரைகளில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வளவு எளிதில் தீர்ப்பிடல் ஆகாது என்பதைக் கத்தோலிக்க நாடான அயர்லாந்தின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1841ஆம் ஆண்டில் அத்தீவில் ஏறத்தாழ 82 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். சிறு துண்டு நிலமும் உருளைக்கிழங்கும் இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துவிடும். ஆகவே ஏழை உழவர் தம் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டனர். இளைஞரும் தயங்காது மணம் புரிந்தனர். 1845இல் கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர்.

அத்துயரை உழவர் மறக்கவில்லை. நிலத்தைத் துண்டாடுவதைக் கைவிட்டனர். ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம். ஏனையோர்க்கு அயல்நாடு அல்லது மணமற்ற வாழ்வு. நிலம் பெறவிருந்த மகனும் தந்தை அதை ஒப்படைக்கும்வரை காத்திருந்தே மணந்தான். 1911இல் மக்கள்தொகை 44 இலட்சமாகச் சுருங்கியது. இதில் குடிபெயர்வுக்கே பெரும்பங்கு உண்டு. எனினும் பிந்திய மணமும் மணமின்மையும் பிறப்புகளைக் குறைத்தன. மணந்தவர்களுக்கோ பிள்ளைகள் பலர். ஆலயங்களும் நிறைந்தே இருந்தன.

1960களின் நடுப்பகுதியில் அயர்லாந்துக் குடியரசில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 1967இல் இலவச இடைநிலைக் கல்வி வந்தது. மணமான பெண்கள் அரசுப் பணியில் தொடரலாகாது என்ற தடை 1973இல் நீங்கியது. கருத்தடைச் சாதனங்களின் விற்பனையை 1979ஆம் ஆண்டுச் சட்டம் வரையறைகளுடன் அனுமதித்தது. 1990 அளவில் அந்தச் சராசரி ஏறத்தாழ இரண்டாகிவிட்டது. அப்போதும் ஐந்தில் நால்வர் வாரந்தோறும் திருப்பலிக்குச் சென்றுகொண்டிருந்தனர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். ஆலயத்தின் கூட்டம் குறையுமுன்பே தொட்டில்கள் குறைந்துவிட்டன.

நம்பிக்கைக்கு இதில் பங்கே இல்லை என்பது நம் கருத்தன்று. ஆனால் நம்பிக்கை கொண்ட மனிதர் நிலத்திலும் கூலியிலும் கல்வியிலும் காலூன்றியே குடும்பம் நடத்துகின்றனர்.

"இன்னும் ஒரு பிள்ளை கூடாதா?" என்று மணமக்களை நாமும் கேட்டதுண்டு. அவர்களது வீட்டு வாடகை எவ்வளவு, வேலை நிலையானதா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் உளர் என்று கேட்டதில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியவை அவையே.