நாடற்றோரும் குடியுரிமையும்: பாம்பன் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பாம்பன் பாலத்தைக் கடந்து செல்லும் பயணி கோயிலையும் கடலையும் நினைப்பான். அவ்வழியே சென்று திரும்பிய தொழிலாளர் கூட்டத்தை நினைப்பவர் சிலரே. 1914இல் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாக அப்பாதை அமைந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கென நிறுத்தப்பட்டனர். பிற்காலத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே கரையில் 'தாயகம் திரும்பியோர்' எனப் பெயர்பெற்று இறங்கினர். தாங்கள் ஒருபோதும் கண்டிராத நாடு அவர்களுக்குத் தாயகமாயிற்று!

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்ததாயினும், நீண்டகால வதிவை ஆவணங்களால் மெய்ப்பிக்கும்படி கேட்டது. லயத்து அறையில் பிறந்தவனிடம் ஆவணம் ஏது? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1952இல் சௌ. தொண்டமான் முதலியோர் கொழும்பில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினர், சட்டம் அசையவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் விருப்பம் கேட்கப்படவில்லை. ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதத்துக்குள் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. எனவே மக்கள் இராமேசுவரத்தில் இறங்க நேர்ந்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர்.

இவ்வேளையில் எழுந்த இளைஞர் இயக்கத்தை நாம் கருத்தூன்றி நோக்கவேண்டும். தோட்டப் பள்ளிகளில் பயின்று ஆசிரியரான தலைமுறை அது. அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கம் போன்றோரைச் சுற்றி 1960களில் வாலிபர் சங்கங்கள் கூடின. 'இந்தியத் தொழிலாளர்' என்னும் பெயரை அவர்கள் ஏற்கவில்லை. 'நாங்கள் மலையகத்தார்' என்றனர். பெயர் மாற்றத்தில் உரிமை வாதமே அடங்கியிருந்தது: உழைத்த மண்ணே உரிமைக்குச் சான்று. இலங்கைக் குடியுரிமை கோரியோர் தொகை ஒப்பந்தம் ஒதுக்கிய 3,00,000ஐ வெகுவாக விஞ்சியதே இவ்வாதத்துக்கு மக்கள் தந்த ஒப்புதல். 1977 மே மாதம் தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லெட்சுமணன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான்.

1984இல் கப்பல் நின்றது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இலங்கையில் நாடற்ற நிலையை நீக்கின. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் வாழ்ந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் குடிமக்களாக்கிற்று. வெளியேற்றத்துக்குக் குறித்த நாளே உரிமைக்கு எல்லைக்கல்லாயிற்று.

ஆயினும் மண்டபத்தின் கதை முடியவில்லை. 1983க்குப்பின் வந்த அகதிகளின் பிள்ளைகள் தமிழகத்திலேயே பிறந்து நாடற்றவராய் வாழ்கின்றனர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இலங்கையரைச் சேர்க்கவில்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள் என்னும் விதியைக் கொண்டு, மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022இல் உயர் நீதிமன்றத்தின் வழியாகக் கடவுச்சீட்டு உரிமை பெற்றார். அதற்குப் பின் பிறந்தோருக்கு அவ்வழியும் இல்லை.

இவ்வரலாறு திருச்சபைக்கும் உரியது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களில் பள்ளியும் ஆலயமும் எழுப்பிற்று. ஆனால் அருட்பணியும் உரிமையும் ஒன்றல்ல. பரதேசியைச் சுதேசிபோல் நடத்தவேண்டும் என்று லேவியராகமம் கற்பிக்கையில், அது உணவுப் பொட்டலத்தோடு நிற்பதில்லை. சட்டத்தின்முன் சமநிலையையும் கோருகிறது. அகதி முகாமுக்குக் கிறிஸ்துமஸ் ஆடை கொண்டுசெல்லும் நம் சபைகள், அங்குள்ள இளைஞன் கேட்கும் வாக்குரிமையைக் குறித்தும் பேசுமா? எதிர்கால ஆயர்கள் சிந்திக்கவேண்டிய வினா இது.